டாலிஸ்கர் 10: ஒரு சிங்கிள் மால்ட் ஸ்காட்ச்சை எப்படிச் சுவைத்து மதிப்பிடுவது?

புதுச்சுவை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் வெளிநாட்டிலிருந்து வந்த என் மைத்துனர் டாலிஸ்கர் 10 ஆண்டு சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில், முளைவிட்ட வாற்கோதுமையிலிருந்து மட்டும் செய்த விஸ்கி) ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார். இதுவரை நான் அருந்தியவை பெரும்பாலும் கலப்பு விஸ்கிகள்தாம். அவற்றையும் சோடாவும் ஐஸும் சேர்த்தே அருந்திப் பழகியிருக்கிறேன். நல்ல பொருள் கைக்கு வந்திருக்கும்போது அதை முறையாக அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வாய் அகன்ற கண்ணாடித் தம்ளரில் 60 மில்லி ஊற்றி, இரண்டு ஐஸ் கட்டிகளைப் போட்டு, இணையத்தில் கிடைத்த சுவைக் குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஐஸ் போடுவதற்கு முன் முகர்ந்தபோது மூக்கு எரிந்தது. போட்டபின் அடுப்புப் புகை போன்ற ஒன்றைத் தவிர எதுவும் தெரியவில்லை. குறிப்புகளில் ஹெதர் பூ, கிறிஸ்துமஸ் கேக், கடற்காற்று, சிப்பி, கரு மிளகு என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். மிளகு மட்டும் விழுங்கியபின் தொண்டையில் தெரிந்தது. மற்றவற்றை நான் உணரவில்லை, அவற்றில் பாதியை வாழ்நாளில் முகர்ந்ததும் இல்லை.

என் கேள்விகள் இவை. எந்தக் கோப்பையில், எவ்வளவு ஊற்றிச் சுவைக்க வேண்டும்? தண்ணீர் சேர்ப்பது சரியா, தவறா? நிறத்தையும் வயதையும் வைத்துத் தரத்தைச் சொல்ல முடியுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, எனக்குப் பிடித்திருக்கிறது என்பதைத் தாண்டி, இது நன்றாகச் செய்யப்பட்ட விஸ்கி என்று ஒருவர் எதைக் கொண்டு தீர்மானிக்கிறார்?

கிளைட் கரை எழுதியது:

வணக்கம் நண்பரே. நான் பதினோரு ஆண்டுகளாகக் கிளாஸ்கோவில் வசிக்கிறேன். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கார்போஸ்ட் என்ற சிற்றூரில் இருக்கும் டாலிஸ்கர் வடிசாலைக்கு இரண்டு முறை சென்றிருக்கிறேன். நீங்கள் தொடங்கியிருப்பது நல்ல விஸ்கியில்தான். ஆனால் தொடங்கிய விதம் அதன் வாயை அடைத்துவிட்டது.

முதலில் கோப்பை. வாய் அகன்ற தம்ளரில் மணம் எழுந்தவுடன் கலைந்து போய்விடும். அடி அகன்று வாய் குறுகிய கோப்பையில் அது திரண்டு நிற்கும். ஸ்காட்லாந்தில் 2001 முதல் விற்பனைக்கு வந்த கிளென்கெர்ன் கோப்பை இதற்காகவே வடிவமைக்கப்பட்டது. அது கிடைக்காவிட்டால் சிறிய ஒயின் கோப்பை போதும். 20 முதல் 25 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம். ஐஸ் வேண்டவே வேண்டாம். குளிர்ச்சி மணப்பொருள்கள் ஆவியாவதைத் தடுக்கிறது, நாக்கையும் மரத்துப்போகச் செய்கிறது. சுவைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரை காபி, காரமான உணவு, வெற்றிலை ஆகியவற்றைத் தவிர்ப்பதும், அறையில் ஊதுபத்தி ஏற்றாமல் இருப்பதும் நம் வீடுகளில் முக்கியம்.

ஊற்றியபின் பத்து நிமிடங்கள் அப்படியே விடுங்கள். பிறகு கோப்பையை முகத்துக்கு நேராகக் கொண்டுபோய் மூக்கை உள்ளே நுழைக்காமல், மோவாய்க்குக் கீழிருந்து மெல்ல உயர்த்துங்கள். மணம் தெரியத் தொடங்கும் உயரத்தில் நிறுத்தி, வாயைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டு முகருங்கள். வாய் திறந்திருந்தால் ஆல்கஹாலின் எரிச்சல் பெருமளவு குறையும். இரண்டு மூன்று முகர்வுகளுக்கு ஒருமுறை உங்கள் முழங்கையின் உட்புறத்தை முகர்ந்துகொள்ளுங்கள். மூக்கு ஒரே மணத்துக்கு விரைவில் பழகி ஓய்ந்துவிடும் என்பதால் பழகிய வேறொரு மணத்தைக் காட்டி அதை மீட்பது பயன் தருகிறது.

அடுத்து, சிறிய மடக்கு. விழுங்க அவசரப்படாமல் ஏழெட்டு விநாடிகள் நாக்கின் மேலும் கீழும் படரவிடுங்கள். முதல் மடக்கு வாயைப் பழக்குவதற்கு மட்டுமே. அதை வைத்து எதையும் எழுத வேண்டாம். இரண்டாவது மடக்கில் மூன்று காலங்களைக் கவனியுங்கள்: பட்டவுடன் தெரிவது, வாயில் இருக்கும்போது அது மாறும் விதம், விழுங்கியபின் மூக்கு வழியாக மூச்சை விடும்போது எழுவது. டாலிஸ்கரில் இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று மிக வேறானவை. தொடக்கத்தில் தேன் போன்ற இனிப்பு, நடுவில் எண்ணெய்த்தன்மையும் புகையும், கடைசியில் அந்த மிளகு. குறிப்புகளில் இருந்தவற்றில் மிளகை மட்டும் உணர்ந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் டாலிஸ்கரின் கையொப்பம் என்று சொல்வது அதைத்தான்.

தண்ணீர் பற்றி. இந்த விஸ்கி 45.8 விழுக்காடு ஆல்கஹாலில் அடைக்கப்படுகிறது. 25 மில்லியில் ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ மூன்றரை மில்லி தண்ணீர் சேர்த்தால் அது 40 விழுக்காட்டுக்கு வந்துவிடும். முதலில் தண்ணீர் இல்லாமல் ஒரு சுற்று, பிறகு சொட்டுச் சொட்டாகச் சேர்த்து ஒரு சுற்று என்று செய்து, என்ன திறக்கிறது, என்ன மறைகிறது என்று பாருங்கள். பல பீப்பாய்களின் விஸ்கிகளைக் கலந்து சேர்க்கும் நிபுணர்களான பிளெண்டர்கள் தொழில் முறையில் முகரும்போது ஏறத்தாழ 20 விழுக்காடு வரை குறைத்துத்தான் முகர்கிறார்கள். ஆகவே தண்ணீர் சேர்ப்பது விஸ்கிக்குச் செய்யும் அவமரியாதை என்ற பேச்சை நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

அந்த வடிசாலையை நேரில் பார்த்தது என் சுவைப்பையே மாற்றியது என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1830இல் மெக்காஸ்கில் சகோதரர்கள் ஹார்போர்ட் கடல்நீரேரியின் கரையில் நிறுவிய இடம் அது. அங்கே ஐந்து செப்பு வாலைகள் (காய்ச்சி வடிக்கும் கலன்கள்) உள்ளன. முதல் வடிப்புக்கு இரண்டு, இரண்டாம் வடிப்புக்கு மூன்று. முதல் வடிப்பு வாலைகளின் உச்சியிலிருந்து செல்லும் குழாய் நேராகப் போகாமல் U வடிவ வளைவாகக் கீழிறங்கி மேலேறுகிறது. கனமான ஆவி அந்த வளைவில் தேங்கி, ஒரு சிறு குழாய் வழியாக மீண்டும் வாலைக்கே திரும்பி இன்னொரு முறை காய்கிறது. வளைவைத் தாண்டிய ஆவி, கட்டடத்துக்கு வெளியே குளிர்ந்த நீர் நிறைந்த மரத்தொட்டிகளுக்குள் சுருள் சுருளாகச் செல்லும் செப்புக் குழாயில் குளிர்கிறது. இப்போது பெரும்பாலான வடிசாலைகளில் இருக்கும் நவீனக் குளிர்விப்பான்களோடு ஒப்பிட்டால் இந்தச் சுருள் குழாயில் ஆவிக்குச் செம்புடன் உள்ள தொடர்பு குறைவு. கந்தகச் சேர்மங்கள் முழுவதும் அகற்றப்படாமல் வடிபொருள் கனமாகவும் இறைச்சிச் சாறு போன்ற அடர்த்தியோடும் வரும். வாயில் நீங்கள் உணரப்போகும் பருமன் பெரிதும் அங்கிருந்து வருவது.

ஹெதர் என்பது இங்குள்ள மேட்டுநிலங்களில் ஆகஸ்டில் ஊதா நிறமாகப் பூக்கும் குறுஞ்செடி. அதன் மணம் உலர்ந்த புல்லும் தேனும் கலந்தது போல இருக்கும். குறிப்பில் ஹெதர் என்று கண்டால், தேன்கூட்டைப் பிழிந்தபின் மிஞ்சும் மெழுகின் மணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தூரம் அதிகம் இருக்காது.

ஆய்வுக்கூடம் எழுதியது:

மேலே நண்பர் சொன்னவற்றுடன் வேதியியல் பக்கமிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். உணவு மணங்களைப் பகுத்தாயும் வேலையில் இருப்பவன் நான்.

கேள்வி கேட்டவரின் உண்மையான இடர்ப்பாடு மூக்கில் இல்லை, சொல்லில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பிறர் சமையலறையின் சொற்களை வைத்துக்கொண்டு தன் மூக்கைச் சோதித்தால் யாரும் தோற்றுத்தான் போவார்கள். ஆனால் விஸ்கியில் இருக்கும் மணப்பொருள்கள் பல நம் வீட்டிலும் இருக்கின்றன. பீட் என்பது சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கிய செடிகொடிகளின் படிவு. முளைவிட்ட வாற்கோதுமையை உலர்த்தும்போது இதை எரித்தால் குவையகால், கிரெசால் முதலிய பீனால் வகைப் பொருள்கள் தானியத்தில் படிகின்றன. குவையகால் என்பது விறகுப் புகையின் மணம். கிரெசால், மருத்துவமனைத் தரையைக் கழுவும் கரும் பினாயிலின் மணம். விஸ்கி முதிரும் பீப்பாய்களின் ஓக் மரம் தரும் யூஜினால் கிராம்பிலும் இருப்பதே. ஓக்கின் லாக்டோன் கொப்பரையை நினைவூட்டும். அமெரிக்க விஸ்கி வகையான போர்பன் பழகிய அமெரிக்க ஓக் பீப்பாய்களில் இது மிகுதி. நொதித்தலில் பிறக்கும் ஐசோஅமைல் அசிட்டேட் பழுத்த வாழைப்பழத்தின் மணம். ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயில் முதிர்ந்த விஸ்கிகளில் சில வேளைகளில் எழும் சோட்டோலான் என்ற பொருள் வெந்தயத்தின் மணத்துக்கும் காரணமானது. நான் முதன்முதலில் ஒரு ஷெர்ரி பீப்பாய் விஸ்கியை முகர்ந்தபோது மேல்நாட்டார் வால்நட் என்று எழுதிய இடத்தில் எனக்கு வறுத்த வெந்தயம்தான் தெரிந்தது. என் மூக்கில் குறை என்று வெகுநாள் எண்ணியிருந்தேன். மூக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

ஆகவே அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மாலை பழகுங்கள். கிராம்பு, மிளகு, சாதிக்காய், வெந்தயம், கொப்பரைத் துண்டு, கருப்பட்டி, உலர் திராட்சை ஆகியவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்து, கண்ணை மூடி முகர்ந்து, பெயர் சொல்லுங்கள். நாள்தோறும் புழங்குகிற பொருள்களையே கண்ணை மூடியபின் நாம் எவ்வளவு தவறாகச் சொல்கிறோம் என்று தெரியும்போது வியப்பாக இருக்கும்.

புகையின் அளவைக் குறிக்க வடிசாலைகள் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு பீனால் என்று ஓர் எண்ணைச் சொல்வதுண்டு. ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலுள்ள ஆர்ட்பெக் வடிசாலைக்கு அது ஏறத்தாழ 55. ஆனால் அது தானியத்தில் அளந்தது, பாட்டிலில் அளந்தது அன்று. அரைத்து, நொதிக்கவைத்து, வடித்து, ஆண்டுக்கணக்கில் முதிரவைக்கும் வழியில் பெரும்பகுதி குறைந்துவிடும். எவ்வளவு மிஞ்சும் என்பது இரண்டாம் வடிப்பில் விஸ்கிக்கான பகுதியை எந்த இடத்தில் வெட்டி எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, ஏனெனில் பீனால்கள் வடிப்பின் பிற்பகுதியில்தான் மிகுதியாக வருகின்றன. எண்ணைப் பார்த்து மதிப்பிட வேண்டாம்.

தண்ணீர் ஏன் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு விளக்கமும் உண்டு. சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃபிரீட்மன் ஆகியோர் 2017இல் கணினி உருவகிப்பு மூலம் ஆராய்ந்தபோது, ஆல்கஹால் 45 விழுக்காடு வரை இருக்கும் கலவையில் குவையகால் திரவத்தின் மேற்பரப்பை நாடி நிற்பதையும், 59 விழுக்காட்டுக்கு மேல் அது உள்ளே இழுக்கப்படுவதையும் கண்டார்கள். பீப்பாயிலிருந்து நேராக அடைக்கும் வலுவான விஸ்கிக்குத் தண்ணீர் ஏன் அவ்வளவு உதவுகிறது என்பதை இது ஓரளவு விளக்குகிறது. உங்கள் டாலிஸ்கர் 45.8இல் ஏற்கெனவே அந்த எல்லைக்கு அருகில் இருப்பதால் அதற்குச் சில சொட்டுகளே போதும்.

உப்பு பற்றியும் ஒரு சொல். வாலையில் கொதிக்கும்போது உப்பு ஆவியாகி வராது. ஆகவே கடலோர விஸ்கியில் நாம் உணரும் உப்புச் சாயல் கரைந்த உப்பு என்று கொள்வதைவிட, புகைப் பொருள்களும் கனிமச் சாயலும் சேர்ந்து நம் நினைவில் கடலை எழுப்புகின்றன என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பழம்பீப்பாய் எழுதியது:

நிறம், வயது, தரம் ஆகியவற்றைப் பற்றிய கேள்விக்கு நான் விடை சொல்கிறேன்.

நிறத்தை நம்ப வேண்டாம். 2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குவிதிகள் கேரமல் நிறமூட்டியைச் சேர்க்க அனுமதிக்கின்றன; பாட்டிலுக்குப் பாட்டில் ஒரே நிறம் வர வேண்டும் என்பதற்காகப் பல நிறுவனங்கள் சேர்க்கின்றன. வயது என்பது பாட்டிலில் உள்ளவற்றில் மிக இளையதன் வயது. 10 என்றிருந்தால் அதில் 10 ஆண்டுக்குக் குறைந்தது ஒரு சொட்டும் இருக்கக் கூடாது. அது ஒரு உத்தரவாதம், தர மதிப்பெண் அன்று. பலமுறை பயன்பட்டுக் களைத்துப்போன பீப்பாயில் 20 ஆண்டுகள் கிடந்ததைவிட, நல்ல பீப்பாயில் 10 ஆண்டுகள் இருந்தது முழுமையாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். புகை மணமுள்ள விஸ்கிகளில் வயது ஏற ஏறப் புகை தணிந்துகொண்டே போகும் என்பதால், இளமையே அவற்றுக்கு அழகு என்று கருதுபவர்களில் நானும் ஒருவன்.

நன்றாகச் செய்யப்பட்டதா என்பதற்கு நான் முதலில் பார்ப்பது குறைகளை. அணைந்த தீக்குச்சி அல்லது அழுகிய முட்டை மணம் கந்தகத்தின் அடையாளம். சிறிதளவு இருந்தால் கனம் தரும், மிகுந்தால் மற்றவற்றை மூடிவிடும். நனைந்த அட்டைப் பெட்டி மணம் வந்தால் கார்க் கெட்டிருக்கலாம். வியர்வையும் புளித்த தோலும் போல் இருந்தால் வடிப்பின் கடைப்பகுதி அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கிறது. பச்சைக் கடுக்காயைக் கடித்தது போல் வாய் துவர்த்தால் மரம் விஸ்கியை விழுங்கிவிட்டது. ஒருமுறை ஒரு கடையில் வாங்கிய விலையுயர்ந்த பாட்டில் ஒன்று நனைந்த அட்டை மணம் வீசியது. புகழ்பெற்ற பெயர் என்பதால் குறை என்னுடையதாகத்தான் இருக்கும் என்று மூன்று வாரங்கள் அதிலேயே உழன்றேன். அதே விஸ்கியை வேறொரு பாட்டிலிலிருந்து நண்பர் ஊற்றிக் கொடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. அன்றிலிருந்து பெயரை மறைத்து வைத்தே சுவைக்கிறேன்.

குறைகள் இல்லையென்றால் அடுத்ததாக மூன்றைப் பார்க்கிறேன். முகர்ந்ததற்கும் சுவைத்ததற்கும் தொடர்ச்சி இருக்கிறதா? நேரம் போகப் போகக் கோப்பையில் புதிதாக ஏதேனும் எழுகிறதா? வடிபொருளின் குணமும் மரத்தின் குணமும் ஒன்றையொன்று தாங்குகின்றனவா? இந்த மூன்றாவதுதான் என் கணக்கில் மிகக் கடினமானது, மிக மதிப்புள்ளதும் கூட. 100 மதிப்பெண்ணை முகர்வு, சுவை, பின்சுவை, சமநிலை என நான்காகப் பிரித்து 25, 25 ஆகக் கொடுப்பது பரவலான வழக்கம். தொடக்கத்தில் எண் போடவே வேண்டாம் என்பது என் கருத்து. எண் வந்துவிட்டால் கவனம் நின்றுவிடும்.

கிளைட் கரை நண்பரிடம் ஒரே ஒரு மாறுபாடு உண்டு. புதிதாகத் தொடங்குபவர் ஒற்றைக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு எத்தனை மடக்கு சுவைத்தாலும் கற்பது குறைவு. இரண்டு கோப்பைகளாவது வேண்டும். டாலிஸ்கருக்குப் பக்கத்தில் ஸ்காட்லாந்தின் ஸ்பேசைட் பகுதியைச் சேர்ந்த, புகையே இல்லாத ஒரு மால்ட்டை வையுங்கள். புகை என்பது என்ன என்பதும், புகைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதும் அப்போதுதான் பிரிந்து தெரியும். இன்னும் ஒரு படி போக விரும்பினால், மூன்று கோப்பைகளில் இரண்டில் ஒன்றையும் மூன்றாவதில் மற்றொன்றையும் வீட்டார் யாரையாவது ஊற்றித் தரச் சொல்லி, எது தனித்தது என்று கண்டுபிடியுங்கள். உணவுச் சுவைச் சோதனையில் உலகெங்கும் பயன்படும் முறை இது.

கிளைட் கரை எழுதியது:

பழம்பீப்பாய் ஐயா சொல்வதை ஏற்கிறேன். இரண்டையும் அருகருகே வைக்கும்போது புகையில்லாததை முதலில் சுவைக்க வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். டாலிஸ்கருக்குப் பின் மென்மையான மால்ட் எதுவும் வாயில் நிற்காது.

புதுச்சுவை எழுதியது:

இவ்வளவு பொறுமையாக விளக்கிய உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. இரண்டு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன்.

முதல் வாரம் அஞ்சறைப் பெட்டியுடன் போனது. கண்ணை மூடியபின் சாதிக்காயைச் சுக்கு என்று சொன்னேன். மனைவிக்கு ஒன்றும் தவறவில்லை, ஏழில் ஏழையும் சரியாகச் சொன்னார். இரண்டாம் வாரம் நண்பர் ஒருவரிடமிருந்து புகையில்லாத ஸ்பேசைட் மால்ட்டான கிளென்ஃபிடிக் 12 சிறிதளவு கிடைத்தது. சிறிய ஒயின் கோப்பைகளில் 20 மில்லி ஊற்றிப் பத்து நிமிடங்கள் காத்திருந்தேன். கிளென்ஃபிடிக்கில் பேரிக்காய் உடனே தெரிந்தது. அதன்பின் டாலிஸ்கரை முகர்ந்தபோது, புகை ஒரு திரை போலவும், அதற்குப் பின்னால் ஈரமான கருப்பட்டியின் மணம் இருப்பது போலவும் உணர்ந்தேன். சில சொட்டுத் தண்ணீர் விட்டதும் கருப்பட்டி முன்னால் வந்தது, கூடவே தீக்குச்சி உரசியது போன்ற ஒரு சாயல் ஒரு நொடி வந்து போயிற்று. பழம்பீப்பாய் ஐயா சொன்ன குறையா இது? மூன்று கோப்பைச் சோதனையில் தனித்ததை உடனே கண்டுபிடித்துவிட்டேன், இவ்வளவு வேறான இரண்டுக்கு அது பெரிய காரியம் இல்லை என்று தெரிந்தும் மகிழ்ச்சியாக இருந்தது.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். அன்றிரவு கோப்பைகளைக் கழுவாமல் மேசையிலேயே விட்டுவிட்டேன். மறுநாள் காலை எடுத்தபோது டாலிஸ்கர் இருந்த கோப்பையில் என் பாட்டி வீட்டு விறகடுப்பில் விடியற்காலையில் சாம்பல் அள்ளும்போது எழும் மணம், ஆறிய சாம்பலின் அதே மணம், அப்படியே இருந்தது. முந்தைய இரவு கோப்பையில் விஸ்கி இருந்தபோது இது எனக்குத் தெரியவே இல்லை. கிளென்ஃபிடிக் கோப்பையில் லேசான மர மணம் தவிர ஒன்றும் இல்லை. இதற்கு ஏதேனும் பொருள் உண்டா?

ஆய்வுக்கூடம் எழுதியது:

உண்டு. எத்தனாலும் இலேசான பழ மணங்களும் முதலில் ஆவியாகிப் போய்விடும்; பீனால்களும் வனிலினும் மெதுவாக ஆவியாகும் பொருள்கள் என்பதால் கண்ணாடியில் தங்கிவிடும். இரவு முழுவதும் ஆல்கஹாலின் எரிச்சல் மறைத்து வைத்திருந்ததைக் காலையில் நீங்கள் தனியாக முகர்ந்திருக்கிறீர்கள். தீக்குச்சிச் சாயல் ஒரு நொடியில் மறைந்துவிட்டது என்றால் அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம்; மரத்தொட்டிச் சுருள் குழாயில் குளிர்ந்த வடிபொருளில் அது எதிர்பார்க்கத் தக்கதே. கால் மணி நேரம் கழித்தும் நின்றால் எழுதுங்கள். காலிக் கோப்பையை முகர்வது விஸ்கியைக் கவனமாகச் சுவைப்பவர்களிடம் உள்ள பழக்கம்தான். அடுத்த முறை முகர்வு, சுவை, பின்சுவை என்று எழுதும் பக்கத்தில் நான்காவதாகக் காலிக் கோப்பைக்கும் இடம் விட்டு, மறுநாள் காலையில் பல் துலக்குவதற்கு முன் முகர்ந்து அதை நிரப்புங்கள்.